ஒரே மவுசர், ஐந்து சரக்கு: எந்தக் கார்98கே வாங்குவது?

பழைய ராணுவ ரைபிள் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் ஜெர்மன் கார்98கே. 1935-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட, மவுசர் நிறுவனத்தின் ரைபிள் இது. 7.92×57 மி.மீ. தோட்டா, ஐந்து தோட்டா கிளிப், ஏறத்தாழ நாலு கிலோ எடை. போர் முடிவதற்குள் சுமார் 1 கோடியே 40 லட்சம் செய்து தள்ளினார்கள். 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தபோது யார் கையில் எது சிக்கியதோ, அது அவர்களுக்கு. எடுத்தவர்கள் சும்மா வைத்திருக்கவில்லை. பிரித்தார்கள், துடைத்தார்கள், உடைந்ததை மாற்றினார்கள், தங்கள் முத்திரையையும் குத்தினார்கள். அதனால் இன்று அமெரிக்காவில் ஒரு கார்98கே வாங்கப் போனால், ஒரே பெயரில் ஐந்து வேறு சரக்கு மேசைமேல் கிடக்கும்: யாரும் கை வைக்காத ஜெர்மன் அசல், ரஷ்யர்கள் கைப்பற்றிப் புதுப்பித்தது, யூகோஸ்லாவியா புதுப்பித்தது, நார்வே மாற்றியது, இஸ்ரேல் மாற்றியது.

முதல் ரைபிள் வாங்குபவருக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரஷ்யர்கள் கைப்பற்றியதை வாங்குங்கள். விலை குறைவு என்பது ஒரு காரணம்தான். முக்கியமான காரணம், அதன்மேல் இருக்கும் குறிகளைப் போலியாகக் குத்துவதால் யாருக்கும் லாபம் இல்லை. எந்தக் குறி விலையை ஏற்றுகிறதோ அந்தக் குறியில்தான் போலி வரும். புதிதாக வாங்குபவர் கண்ணை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாத இடமும் அதுதான்.

இதைப் புரிந்துகொள்ள, ஜெர்மன் தொழிற்சாலை முதலில் என்ன குத்தி அனுப்பியது என்று தெரிய வேண்டும். பேரல் எனும் குழல் வந்து பொருந்தும் இரும்பு உடல்தான் ரிசீவர். அதன் முன்பகுதியான ரிசீவர் வளையத்தின் மேல் தொழிற்சாலைக் குறியீடும் ஆண்டும். 1930களில் இது எண்ணாக இருந்தது. ஓபர்ண்டார்ஃப் ஊரிலிருந்த மவுசர் ஆலைக்கு ‘எஸ்/42’, பிறகு வெறும் ‘42’. அப்புறம் மூன்று சிறிய எழுத்துகளாக மாறியது. மவுசருக்கு ‘பி-ஒய்-எஃப்’, ஆஸ்திரியாவின் ஸ்டெய்ருக்கு ‘பி-என்-இசட்’, வைமாரின் குஸ்ட்லாஃப் ஆலைக்கு ‘பி-சி-டி’, செக் நாட்டுப் புர்னோ ஆலைக்கு ‘டி-ஓ-டி’. சூல் ஊரின் ஸாவருக்கு மட்டும் இரண்டே எழுத்து, ‘சி-ஈ’. எதிரி உளவாளி ஆலையைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு. இன்று ஒவ்வொரு சேகரிப்பாளருக்கும் மனப்பாடம். ரிசீவரின் இடது சுவரில் ‘மாட். 98’. வளையத்தின் இடப்பக்கம் தொடர் எண். அதே எண் பேரலிலும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி தொடங்கும் இடத்திலும் வரும். சின்ன உறுப்புகளில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும்: சேஃப்டி, போல்ட் ஸ்லீவ், காக்கிங் பீஸ், ஏன், சில திருகாணிகளின் தலையில்கூட. கூடவே ஆய்வாளரின் கழுகு முத்திரை, அதன் கீழே ஓர் எண். 135 என்றால் மவுசர், 623 என்றால் ஸ்டெய்ர்.

ஒரு விஷயம் இங்கே பலருக்கும் தப்பிவிடும். தொடர் எண் ஒவ்வோர் ஆலையிலும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்கியது. பத்தாயிரம் ஆனதும் எண்ணின் பின்னால் ஓர் எழுத்துச் சேர்ந்துகொண்டது. ஆகவே வெறும் 5821 என்ற எண் எதையும் சொல்லாது. ஆலை, ஆண்டு, எண், எழுத்து நாலும் சேர்ந்தால்தான் அது ஒரு துப்பாக்கி. விளம்பரத்தில் எண்ணை மட்டும் போட்டு எழுத்தை விட்டிருந்தால், விற்பவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். தெரிந்தே விட்டிருக்கவும் கூடும்.

சரி, ரஷ்யர்களுக்கு வருவோம். போரில் மலைபோல் குவிந்த ஜெர்மன் ரைபிள்களைச் சோவியத் கிடங்குகள் போருக்குப் பின் வரிசையாக உட்கார்ந்து புதுப்பித்தன. அவர்கள் சேகரிப்பாளருக்காகச் செய்யவில்லை. அடுத்த போர் வந்தால் யார் கையிலாவது கொடுக்க ஆயுதம் வேண்டும், அவ்வளவுதான். முழுசாகப் பிரித்து, போல்ட்டை ஒரு குவியல், டிரிகர் கார்டை ஒரு குவியல், மரக் கட்டையை ஒரு குவியல் என்று போட்டு, சுத்தம் செய்து, துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்குப் புதிதாகக் கருநீலம் ஏற்றி, கையில் வந்த உறுப்பைப் பொருத்தினார்கள். பேரலும் ரிசீவரும் மட்டும் பெரும்பாலும் பிரியாமல் இருந்தன. அந்த ரிசீவரின் எண்ணே மற்ற உறுப்புகளுக்கும் எண் ஆனது. போல்ட்டில் ஏற்கெனவே இருந்த ஜெர்மன் எண்ணை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில், இரும்பில் கீறி எழுதும் மின்பேனாவால் புதிய எண்ணைக் கிறுக்கினார்கள். கிறுக்கினார்கள் என்பதுதான் சரியான சொல். நடுங்கும் கையெழுத்து, சில இலக்கங்கள் பள்ளிப் பையன் எழுதியதுபோல் சாய்ந்து நிற்கும். கட்டையின் இடப்பக்கத்தில் அதே எண் பெரிதாகக் குத்தியிருக்கும். கட்டை முழுக்க அரக்குப் பூச்சு, செம்பழுப்பு நிறத்தில், கெட்டியாக, வழிந்த இடத்தில் வழிந்தபடி.

ரிசீவரின் இடப்பக்கம் ஓர் ‘எக்ஸ்’ குறி இருக்கும். கைப்பற்றியதற்கு அடையாளம் என்று சேகரிப்பாளர்கள் இதைப் படிக்கிறார்கள். சோவியத் கிடங்கு வழி வந்த ஜெர்மன் கைத்துப்பாக்கிகளிலும், லூகர், பி38 இரண்டிலும், இதே குறியைப் பார்க்கலாம். ஆனால் எல்லா ரஷ்ய ரைபிளிலும் எக்ஸ் கிடையாது. எக்ஸ் இல்லையே, அப்படியானால் இது அசல்தான் என்று ஒருவர் சொன்னால் தலையாட்ட வேண்டாம். போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்.

இந்த ரைபிள்களில் குறைகளும் உண்டு. திருகாணி தளராமல் பிடிக்கும் குட்டித் திருகுகளை ரஷ்யர்கள் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பேரலுக்கு அடியில் இருக்க வேண்டிய கிளீனிங் ராட் பலவற்றில் இருக்காது. 1938 ரிசீவர் ஒன்று, பேரலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும், 1944-இன் தகடு அடித்துச் செய்த வளையங்களோடு, போர்க்கால ஒட்டுப்பலகைக் கட்டையில் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு இது அருவருப்பு. எனக்கு இதில்தான் ருசி. ஒரே ரைபிளில் மூன்று ஆலைகளின் கழுகு முத்திரையைத் தேடிப் பிடித்து, எந்த உறுப்பு எங்கே பிறந்தது என்று ஒரு மாலை முழுக்கப் படிக்கலாம். அசலில் ஒரு கழுகு எண்ணைப் பார்த்ததும் கதை முடிந்துவிடும். அப்புறம், ரஷ்யர்கள் நாஜிக் கழுகை அழிப்பதில் பெரிதாக அக்கறை காட்டவில்லை. சிலவற்றில் தட்டி மழுக்கியிருக்கிறது. பலவற்றில் அப்படியே கிடக்கிறது. அதனால் ஜெர்மன் வரலாறும் சோவியத் வரலாறும் ஒன்றை ஒன்று மறைக்காமல் இரண்டும் வாசிக்கக் கிடைக்கின்றன.

இவை 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக வந்தன, பெரும்பாலும் உக்ரைன் கிடங்குகளிலிருந்து. அன்று சில நூறு டாலருக்குக் கிடைத்தது. இன்று அந்த விலை இல்லை. இருந்தாலும் எண்கள் ஒத்த அசல் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

அந்த அசலைப் பார்ப்போம். எல்லா எண்ணும் ஒத்து, யாரும் புதுப்பிக்காமல், அமெரிக்கப் படைவீரர் ஒருவர் போர் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்த ரைபிள். இந்தச் சந்தையின் மணிமகுடம் இதுதான், சந்தேகமில்லை. கொண்டுவர அனுமதி கொடுத்து மேலதிகாரி கையெழுத்திட்ட தாள் ஒன்று உண்டு. அந்தத் தாளில் தொடர் எண்ணும் இருந்தால் விலை இன்னொரு படி ஏறும். கட்டை சில நேரம் முன்வளையத்துக்கு அடியில் இரண்டாக அறுபட்டிருக்கும். வீரர்கள் தங்கள் பைக்குள் நுழைக்க அறுத்தார்கள். பார்த்தால் சேதம், ஆனால் அந்த அறுப்பே ஊருக்கு வந்த விதத்துக்குச் சாட்சி. வளையத்தைக் கழற்றாமல் தெரியாது, ஆகவே கழற்றிப் பார்க்கக் கேளுங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

இறக்குமதி முத்திரை இன்னொரு சாட்சி. அமெரிக்காவில் 1968-இல் வந்த துப்பாக்கிச் சட்டம் பழைய ராணுவ ரைபிள் இறக்குமதியை ஏறக்குறைய நிறுத்தியது. 1980களின் நடுவில் கதவு மறுபடி திறந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றில் இறக்குமதி செய்தவர் பெயரும் ஊரும் பேரலிலோ ரிசீவரிலோ சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத ரைபிள் 1968-க்கு முன்பே வந்தது என்று வாதிட இது உதவும். ஆனால் கனடா வழியாக வந்தவை இந்தக் கணக்கைக் குழப்பும். வியட்நாம் போர் இன்னும் குழப்பும். சோவியத் நாடு வட வியட்நாமுக்குக் கொடுத்த கார்98கே ரைபிள்களை அமெரிக்க வீரர்கள் கைப்பற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். எக்ஸ் குறி, மின்பேனா எண், அரக்கு, எல்லாம் இருக்கும், இறக்குமதி முத்திரை மட்டும் இருக்காது. வியட்நாம் தாளோடு அப்படி ஒன்று கிடைத்தால் இங்கே நான் சொன்ன எல்லா விதியையும் ஓரமாக வைத்துவிட்டு வாங்கிவிடலாம்.

இப்போது வில்லங்கம். மனை வாங்கும்போது தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுப்போமா? இந்தச் சந்தையில் தாய்ப்பத்திரம் அச்சடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் மூலப்பொருள் மலிவான ரஷ்ய ரைபிள்தான். அரக்கைக் கழுவி, கிறுக்கலைத் தேய்த்து, எக்ஸை நிரப்பி, புதிய எண் குத்தினால், சில மணி நேர வேலையில் விலை இரண்டு மூன்று மடங்கு. நல்ல போலிக்காரன் அனுபவசாலியையே ஏமாற்றுவான் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான போலிகள் சோம்பேறித்தனமானவை. போல்ட்டைப் பாருங்கள். போரின் கடைசிக் கட்டம் தவிர ஜெர்மன் போல்ட் வெள்ளை இரும்பாகவே, கருநீலம் ஏற்றாமல் போனது. ரஷ்யர்கள் ஏற்றினார்கள். 1940 ரைபிளில் கருநீல போல்ட் என்றால் ஒரு கேள்வி. பளபளவென்று தேய்த்த போல்ட் என்றால் இரண்டு கேள்வி. எண் குத்திய இடத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். சுற்றியுள்ள பரப்பைவிடக் கொஞ்சம் குழிந்திருந்தால் அங்கே முன்பு வேறு ஏதோ இருந்தது. கட்டையின் வாருக்கான துளைக்குள் டார்ச் அடியுங்கள். வெளியே கழுவின அரக்கு அந்த மூலையில் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டையின் பின்முனையில் இருக்கும் பட் தகட்டைக் கழற்றினால் அடியிலோ, பேரல் பள்ளத்துக்குள்ளோ ஜெர்மன்காரர் கட்டைக்குக் குத்திய எண் இருக்கும். வெளியே ஓர் எண், உள்ளே வேறு எண் என்றால் பேச்சே வேண்டாம்.

இதனால்தான் சொல்கிறேன், புதியவருக்கு அசல் சரிவராது. அதை வாங்கக் கூடாது என்றில்லை. நூறு துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு வாங்கலாம். ரஷ்ய ரைபிள் ஒன்றை வீட்டில் வைத்துப் பிரித்துப் பழகியவனுக்குத்தான் போலி அசலின் மேல் ரஷ்யக் கைரேகை எங்கே ஒட்டியிருக்கும் என்று தெரியும்.

யூகோஸ்லாவியா வேறு மாதிரி. கிராகுயெவாட்ஸ் ஆலையில் புதுப்பித்தவை இவை. ரிசீவர் வளையத்தில் ஜெர்மன் குறியீட்டைச் சுரண்டிவிட்டு, தீப்பந்தங்களும் நட்சத்திரமும் கொண்ட யூகோஸ்லாவியச் சின்னத்தைக் குத்தினார்கள். சின்னத்தின் அடியில் 29.11.1943 என்ற தேதி, மாதம் ரோமன் எண்ணில். அந்தத் துப்பாக்கி பிறந்த தேதி என்று நினைத்து விளம்பரம் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். யாய்ட்ஸே ஊரில் கம்யூனிஸ்ட் தலைவர் டீட்டோவின் விடுதலைப் பேரவை கூடிப் புதிய நாட்டை அறிவித்த நாள் அது. ஆலையின் பெயர் ‘பிரெதுஸெச்சே 44’ என்று சிரில்லிக் எழுத்தில் இருக்கும். இடது சுவரில் ‘98/48’. வேலை ரஷ்யர்களுடையதைவிடச் சுத்தம். எண்கள் ஒழுங்காக அச்சுக் குத்தி ஒத்திருக்கும், கிறுக்கல் இல்லை. சுடுவதற்கு நல்ல துப்பாக்கி. படிப்பதற்குத்தான் குறைவு, ஏனென்றால் ஜெர்மன் பக்கம் பெரும்பாலும் சுரண்டலில் போய்விட்டது. எந்த ஆலையில் பிறந்தது என்பதை எங்காவது தப்பிய கழுகு முத்திரையிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். நாஜிச் சின்னம் வீட்டுக்குள் வேண்டாம் என்று நினைப்பவருக்கு அதுவே வசதி. அது நியாயமான காரணம்தான்.

ஒரே எச்சரிக்கை: யூகோஸ்லாவியாவே 1950களில் புதிதாகச் செய்த எம்48 ரைபிளைக் கார்98கே என்று சொல்லி விற்பார்கள். தோற்றம் ஒன்றுதான், ரிசீவர் நீளம் கொஞ்சம் குறைவு, போல்ட் மாற்றிப் போட்டால் பொருந்தாது. ஜெர்மன் கை படாத துப்பாக்கி அது. மோசமான துப்பாக்கி இல்லை, ஆனால் அந்த விலைக்கு இல்லை.

நார்வேயும் இஸ்ரேலும் சேர்ந்து பேச வேண்டியவை, ஏனென்றால் இரண்டும் தோட்டாவையே மாற்றின. இங்கேதான் குறியைத் தப்பாகப் படித்தால் பணத்தோடு நிற்காது, கண்ணும் போகும்.

போர் முடிந்தபோது நார்வேயில் ஜெர்மன் படை மூன்று நாலு லட்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன ரைபிள்களை நார்வே தன் படைக்கு எடுத்துக்கொண்டது. தரைப்படைக்கு ‘ஹேர்’ (நடுவில் ஏயும் ஈயும் ஒட்டிய அந்த நார்வே எழுத்து), கடலோரப் பீரங்கிக்கு ‘கே. ஆர்ட்’, விமானப்படைக்கு ‘ஃப்ளை’, ஊர்க்காவல் படைக்கு ‘எச்.வி.’ என்று ரிசீவரில் குத்தினார்கள். 1950களில் பலவற்றை அமெரிக்கத் தோட்டாவுக்கு மாற்றினார்கள். அமெரிக்க உதவியில் வந்த ஆயுதங்கள் அதைத்தான் சுட்டன. அந்தத் தோட்டா 7.62×63, அமெரிக்காவில் தர்ட்டி-நாட்-சிக்ஸ் என்பது. பேரலில், காலிபர் என்பதைச் சுருக்கி, ‘கால். 7,62’ என்று எழுதினார்கள். நீளமான தோட்டாவுக்கு இடம்விட ரிசீவர் வளையத்தின் விளிம்பில் அரைவட்டமாக ஒரு சின்ன வெட்டும் போட்டார்கள்.

இஸ்ரேலின் கதை 1948-இல் தொடங்குகிறது. விடுதலைப் போரில் ஆயுதம் விற்க ஆளில்லாத அந்த நாட்டுக்குச் செக்கோஸ்லோவாக்கியா கார்98கே ரைபிள்களை விற்றது. 1950களின் பிற்பகுதியில் இஸ்ரேல் அவற்றை நேட்டோவின் 7.62×51 தோட்டாவுக்கு மாற்றியது. கட்டையில் ‘7.62’ என்று கொட்டை எழுத்தில் சூடு போட்டார்கள். இஸ்ரேல் ராணுவத்தின் நட்சத்திரக் குறி ரிசீவரில். சில துப்பாக்கிகளில் அழிக்காமல் விட்ட நாஜிக் கழுகும் அந்த ஆறுமுனை நட்சத்திரமும் அரை அங்குல இடைவெளியில் நிற்கின்றன. வரலாற்றுப் பொருளாக ஐந்திலும் கனமானது இதுதான் என்பேன்.

இப்போது இரண்டு ரைபிளையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் 7.62. ஒன்றின் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, 63 மி.மீ. உறை நீளத் தோட்டாவுக்கு, மற்றது 51-க்கு. நேட்டோ தோட்டாவை நார்வே சேம்பரில் போட்டால் முன்னால் 12 மி.மீ. வெற்றிடம். உறை கிழிந்து வாயு பின்னால் முகத்துக்கு வரலாம். நார்வே சிலவற்றைப் பின்னர் மறுபடியும் நேட்டோ தோட்டாவுக்கு மாற்றியது என்பதால் முத்திரையை மட்டும் நம்பியும் பயனில்லை. இந்த இரண்டு வகையில் எதை வாங்கினாலும், துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் சேம்பரை அளந்து சொல்லும்வரை ஒரு தோட்டாகூடப் போட வேண்டாம்.

ரஷ்ய ரைபிளுக்கும் இந்த அளவு தேவை, வேறு காரணத்துக்காக. அதன் போல்ட் வேறு துப்பாக்கியில் பிறந்தது. எண்ணைக் கிறுக்கியதால் போல்ட் ரிசீவருக்குப் பொருந்திவிடாது. பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை, அதாவது ஹெட்ஸ்பேஸை, அளவுகோல் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். பழைய ராணுவ 7.92 தோட்டா வாங்கினால் அதன் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பொட்டு) உப்பு விட்டுப்போகும். சுட்ட அன்றே பேரலை வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் எண்பது வருடம் தாக்குப்பிடித்த குழல் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும்.

கிழக்கு ஜெர்மனி சூரியக்கதிர் முத்திரையோடு விட்டவை, செக் சிங்க முத்திரை கொண்டவை எல்லாம் உண்டு. அவை எதிரே வந்தால் பார்த்துக்கொள்ளலாம். முதல் ரைபிளாகத் தேடிப் போக வேண்டியவை இல்லை.

ஆகவே, வார இறுதியில் சுடத்தான் வேண்டும், தோட்டா எங்கும் கிடைக்க வேண்டும் என்றால் இஸ்ரேல். வேட்டைக்கு ஏற்கெனவே தர்ட்டி-நாட்-சிக்ஸ் வைத்திருப்பவருக்கு நார்வே. கழுகு வேண்டாம், 7.92 வேண்டும் என்றால் யூகோஸ்லாவியா. கையில் பணமும் பக்கத்தில் விஷயம் தெரிந்த நண்பரும் இருந்தால் அசல். மற்ற எல்லாருக்கும் ரஷ்யம். அதிலும் இரண்டு துப்பாக்கி பார்த்தால், அரக்கு வழிந்து, எக்ஸ் அழுத்தமாக விழுந்து, போல்ட்டில் கோடு போட்ட பழைய எண்ணும் கிறுக்கிய புதிய எண்ணும் தெளிவாகத் தெரிகிறதை எடுங்கள். யாரோ ‘அழகுபடுத்தி’ அரக்கைச் சுரண்டி ஆளி எண்ணெய் பூசிவைத்திருப்பதை அதே விலைக்கு விட்டுவிடுங்கள். தோட்டா போகும் குழல் பளபளப்பாக இருந்து, உள்ளே வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருந்தால் மட்டும் அந்த விதியைத் தளர்த்தலாம். கட்டையை இன்னொருவர் கெடுத்ததற்காக நல்ல பேரலை விட முடியாது.